லம்துவான் கழுவிய ராட்சசன்

தாய்லாந்தில், எங்கள் பாக் நாம் போ ஊரில் இன்றைக்கும் யாராவது லம்துவானைப் பற்றி "அவளா, பேனர் கழுவினவதானே" என்று சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். எனக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை, மீன் குழம்பில் உப்பு குறைந்தாலே வரும். ஆனால் இந்தக் கோபம் வேறு. கழுவினாள்தான், இல்லை என்று யார் சொன்னது? எதைக் கழுவினாள், யார் முன்னால் கழுவினாள், எதற்காகக் கழுவினாள் என்று தெரியாதவன் வாயைத் திறக்கக்கூடாது.

நான் சம்ரேங். சோம்புன் தியேட்டரில் குரல் கொடுப்பவன். வெளிநாட்டுப் படம் திரையில் ஓடும்போது, மேலே ஒரு புழுக்கமான அறையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேருக்கும் நம் மொழியில் நான் பேசுவேன். கதாநாயகன், கதாநாயகி, அவள் அப்பன், வில்லன், வீட்டு நாய், எல்லாவற்றுக்கும் என் ஒரே தொண்டைதான். கம்பெனி அனுப்பிய வசனத்தை வரி பிசகாமல் படிக்கிற ஆளை எங்கள் ஊரில் யாரும் மதிக்க மாட்டார்கள். ஜப்பான் தளபதி நம்மூர்ச் சந்தையில் விரால் மீன் விற்கிற விலையைச் சொல்லிப் புலம்ப வேண்டும். அப்போதுதான் கைதட்டல் விழும்.

நான் உள்ளே வாயால் செய்ததை லம்துவான் வெளியே தூரிகையால் செய்தாள். தியேட்டர் முகப்பு முழுக்கப் பரந்து நிற்கும் துணி பேனரை வரைவது அவள்தான். அதுவும் ராட்சசப் படம் வந்துவிட்டால் அவளைப் பிடிக்க முடியாது. படம் வருவதற்கு முன்னால் பாங்காக்கிலிருந்து நாலைந்து கறுப்பு வெள்ளை ஸ்டில் மட்டும் வரும். படத்தை நாங்கள் எவரும் பார்த்திருக்க மாட்டோம். ராட்சசனுக்கு என்ன நிறம், எவ்வளவு உயரம், எதைத் தின்னும் என்றெல்லாம் ஸ்டில்லில் இருக்காது. அதெல்லாம் அவள் முடிவு. ஒரு தடவை அவள் பச்சைப் பசேலென்று வரைந்து வைத்த பல்லி, படத்தில் சேற்று நிறத்தில் வந்து நின்றது. சனங்கள் கத்தினார்கள், படம் எடுத்தவனுக்குத்தான் நிறம் தெரியவில்லை என்று.

அவள் வரைகிற ராட்சசன் எந்த நாட்டில் பிறந்திருந்தாலும் எங்கள் ஊரைத்தான் நாசமாக்கும். எங்கள் ஆற்றுப் பாலத்தை வாயில் கவ்வும், எங்கள் சந்தைக் கூரையை மிதிக்கும். காலடியில் ஓடுகிற கூட்டத்தில் போலீஸ்காரர் இருப்பார், மீன் உருண்டை விற்கிற ஆச்சி இருப்பாள். தன் முகம் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கே ஆட்கள் வருவார்கள். ஒரு முறை என்னையும் வரைந்தாள், ராட்சசனின் கடைவாய்ப் பல்லில் கால்சட்டை மாட்டித் தலைகீழாகத் தொங்குகிற மாதிரி. கேட்டால், "வாயால பொழைக்கற ஆளை வாயிலதானண்ணே வரையணும்" என்றாள். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

அவள் பிறந்தது ஆற்றில் மிதக்கிற தெப்ப வீட்டில். அம்மா பப்பாளிக்காய் இடித்து விற்றவள். புருஷன் என்று ஒருத்தன் இருந்தான், லாரி ஓட்டினான், ஒரு நாள் லாரியோடு போனவன் லாரியை மட்டும் திருப்பி அனுப்பினான். அதற்கு அவள் அழுததாக எனக்கு ஞாபகமில்லை. அடுத்த வாரமே தியேட்டருக்கு வந்து வேலை கேட்டாள். கிடைத்தது பேனர் கழுவுகிற வேலை.

எங்கள் பேனரெல்லாம் எண்ணெய் வண்ணம் இல்லை. தூள் வண்ணத்தை வஜ்ஜிரப் பசையில் குழைத்துப் பூசுவது. படம் மாறும்போது துணியை இறக்கி, தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் பழைய படம் முழுக்கப் போய்விடும், அதே துணியில் அடுத்தது. அப்போது வரைந்துகொண்டிருந்தவன் ப்ராசோப். நல்ல கைக்காரன், நல்ல குடிகாரன். அவன் வரைவான், லம்துவான் கழுவுவாள். கழுவுகிறபோது எந்த நிறத்துக்கு அடியில் எந்த நிறம் இருக்கிறது, எதன்மேல் எதைப் போட்டிருக்கிறான் என்று பார்த்துக்கொண்டே கழுவுவாள். அதுதான் அவள் படித்த பள்ளிக்கூடம். அம்மாவின் உரலில் அவள் நீலத் தூளை இடித்துவிட்டு மறந்துபோக, மறுநாள் சந்தையில் பாதிப் பேர் நீல நாக்கோடு திரிந்தார்கள்.

ப்ராசோப் பாங்காக்கில் பெரிய வேலை கிடைத்து ஓடினபோது ஒரு டிராகனைப் பாதியில் விட்டுவிட்டுப் போனான். வாலை லம்துவான் வரைந்து முடித்தாள். தியேட்டர் முதலாளி சியா ஹுய்க்குத் தலைக்கும் வாலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. "நல்ல ஆளு கெடைக்கற வரைக்கும் நீயே பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டார். நல்ல ஆள் கிடைக்கவேயில்லை. தேடவேயில்லை என்றுதான் சொல்லவேண்டும், அவளை வைத்தே காரியம் நடக்கும்போது எதற்குத் தேடுவார்?

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் மனுஷர் அசையவே இல்லை. பேனரின் கீழ் மூலையில் வரைந்தவன் பெயர் எழுதுவது எங்கள் தொழிலில் வழக்கம். ப்ராசோப் தன் பெயரைத் தலைப்புக்குப் போட்டியாக எழுதுவான். லம்துவான் முதல் பேனரிலேயே மூலையில் தன் பெயரை எழுதினாள். சியா ஹுய் அதை ஆள் விட்டு அழிக்கச் சொன்னார். அடுத்ததிலும் எழுதினாள், அதையும் அழித்தார். ஏன் என்று கேட்டதற்கு டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்:

"லம்துவான்னா சின்னதா ஒரு மஞ்சப் பூ. ராட்சசன் காலடியில பூ பேரப் பாத்தா எவன் பயப்படுவான்? சனங்க சிரிக்கும்மா."

அதற்குப் பிறகும் ஒவ்வொரு பேனரிலும் அவள் எழுதிக்கொண்டுதான் இருந்தாள், அவர் அழித்துக்கொண்டுதான் இருந்தார். ஊரே பார்த்தது. சரி விடேன், கூலிதான் வருகிறதே என்று நான்கூட ஒரு நாள் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பௌத்த ஆண்டு 2515இல், அதாவது 1972இல், எங்கள் புத்தாண்டான சொங்கிரான் பண்டிகைக்கு ஒரு ஜப்பான் ராட்சசப் படம் வருவதாக இருந்தது. கடலுக்கடியிலிருந்து நண்டுக் கொடுக்கோடு எழுந்து வருகிற ஒரு பிராணி. லம்துவான் அந்த முறை சாப்பாடு தூக்கம் இல்லாமல் வரைந்தாள். செந்தூரச் சிவப்பு, செதிலின் ஓரமெல்லாம் பொன் மஞ்சள். மீசையைச் சீனப் புத்தாண்டு ஊர்வலத்தில் வருகிற டிராகனிடமிருந்து எடுத்துக்கொண்டாள். ஒரு கொடுக்கில் எங்கள் பாலம், இன்னொன்றில் ரயில். சும்மா சொல்லக்கூடாது, பேனரை ஏற்றி நிறுத்தினபோது எதிர்ச் சாரியில் நூடுல்ஸ் விற்கிறவன் கரண்டியைக் கீழே போட்டுவிட்டான். மூலையில் வழக்கம்போல் அவள் பெயர். வழக்கம்போல் சாயங்காலத்துக்குள் அது இல்லை.

படப்பெட்டியோடு பாங்காக் கம்பெனியிலிருந்து விசூத் என்று ஒருவர் ரயிலில் வந்து இறங்கினார். தியேட்டர் வாசலில் பெட்டியை வைத்தவர் அண்ணாந்து பார்த்தபடியே நின்றுவிட்டார். இதைப் படம் பிடித்து, இதையே போஸ்டராக அச்சடித்து நாடு முழுக்க ஒட்டப் போகிறேன் என்றார். போட்டோக்காரரை நாளைக் காலையே வரச் சொல்வதாகவும், வெயில் முகப்பில் விழுகிற நேரத்தில் எடுத்துவிடலாம் என்றும் சொன்னார். அப்புறம் யார் வரைந்தது என்று கேட்டார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். சியா ஹுய் கண்ணைக்கூட இமைக்கவில்லை. "எங்க ப்ராசோப்தான். இப்ப பாங்காக்ல பேர் வாங்கிட்டான்ல, அவனே. நாளைக்குள்ள அவன் பேர மூலையில போட்டுடறேன்" என்றார்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டது. அவள் பெயரை அழித்ததாவது கஞ்சத்தனம் என்று விடலாம். குடித்துவிட்டு ஓடிப்போனவன் பெயரை அதே இடத்தில் எழுதுவதா? நேராக லம்துவானைத் தேடிப் போனேன். ஆற்றங்கரைக் கடையில் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் செந்தூரம். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன், சியா ஹுய் குரலிலும் விசூத் குரலிலும் பேசியே காட்டினேன். அவள் கிண்ணத்தைத் தூக்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

"நாளைக்கு சொங்கிரான்தானண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

சொங்கிரான் என்றால் எங்கள் ஊரில் எவனும் காய்ந்த சட்டையோடு வீடு திரும்ப முடியாது. கிண்ணம், வாளி, லாரியில் பீப்பாய் என்று தெருவெல்லாம் தண்ணீர். முகமெல்லாம் வெள்ளை மாவு. ஆனால் சோம்புன் தியேட்டர் வாசலில் மட்டும் ஒரு எழுதாத சட்டம் உண்டு. பேனர் தூள் வண்ணம் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் அந்தப் பக்கம் ஒரு கிண்ணத் தண்ணீர்கூடப் போகாது. போதைக்காரன்கூட அங்கே வந்தால் கிண்ணத்தைக் கவிழ்த்துக்கொண்டு நடப்பான். அதற்கு மேல் சியா ஹுய் பேனருக்குத் தார்ப்பாயும் கட்டி வைப்பார். அன்றைக்குக் காலையில் போட்டோவுக்காக அதை அவிழ்த்திருந்தார்கள்.

போட்டோக்காரர் முக்காலியை ஊன்றிக்கொண்டிருந்தார். மூலையில் ப்ராசோப்பின் பெயர் கறுப்பில் பளபளத்தது. எங்கிருந்தோ கடைப் பலகை எழுதுகிறவனைப் பிடித்து எழுத வைத்திருக்கிறார்கள், எழுத்து கொழகொழவென்று இருந்தது. தெருவில் நனைந்த கூட்டம் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு லம்துவான் வந்தாள். ஒரு கையில் வாளி, ஒரு கையில் பேனர் தேய்க்கிற பழைய நார்ப் பிரஷ்.

சியா ஹுய்க்கு முதலில் விளங்கவில்லை. "வாளிய அங்க வை. இந்தப் பக்கம் தண்ணி விளையாட்டு கெடையாதுன்னு தெரியாதா?" என்றார்.

"நான் விளையாட வரல முதலாளி" என்றாள் அவள்.

சொல்லிக்கொண்டே ஒரு கிண்ணம் தண்ணீரை மொண்டு மூலையில் அடித்தாள். ப்ராசோப்பின் பெயர் கறுப்புக் கோடாக இறங்கித் தரையில் ஒழுகியது. விசூத்துக்கு முகம் வெளிறிப்போயிற்று. பாங்காக்காரர், எண்ணெய் வண்ணம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். கரைகிறதே, கரைகிறதே என்று தன் தொப்பியைக் கழற்றித் துணியை ஒற்றப் போனார், தொப்பியும் கறுப்பானது.

சியா ஹுய் குரலைத் தாழ்த்தினார். யார் பெயரும் வேண்டாம், மூலை காலியாகவே இருக்கட்டும், இத்தோடு விடு என்றார். அவருக்கு அது பெரிய இறக்கம்தான், நான் ஒத்துக்கொள்கிறேன். லம்துவான் முடியாது என்று தலையை ஆட்டினாள்.

"வரைஞ்சது நான். என் பேர் வந்தா ராட்சசன் இருப்பான். வரலேன்னா அவனும் போவான்."

"உனக்கு அவ்வளவு தைரியம் கெடையாது" என்றார் அவர். "ராத்திரி பகலா நீ வரைஞ்சத நீயே அழிப்பியா?"

அங்கேதான் மனுஷர் தப்புக் கணக்குப் போட்டார். வரைகிறவளை மட்டும்தான் அவர் பார்த்தார். அவள் கழுவிக் கழுவி வளர்ந்தவள் என்பதை மறந்துவிட்டார். எத்தனையோ டிராகனையும் பேயையும் பல்லியையும் சாக்கடைக்கு அனுப்பிய கை அது.

அவள் வாளியைக் கயிற்றில் மாட்டிக்கொண்டு சாரத்தில் ஏறினாள். கூட்டத்திலிருந்து ஒரு இளவட்டம் தன் வாளியைத் தூக்கிக்கொண்டு, "நாங்களும் ஊத்தட்டுமா அக்கா?" என்று முன்னால் வந்தான். அவன் பின்னால் நூறு கிண்ணம் தயாராக எழுந்தது.

அவள் மேலேயிருந்து திரும்பினாள். "ஒருத்தரும் ஒரு சொட்டு ஊத்தக் கூடாது. வரைஞ்சது நான். நான்தான் கழுவுவேன்."

அத்தனை கிண்ணமும் இறங்கியது. அவள் நெற்றியிலிருந்து ஆரம்பித்தாள். முதலில் கண், அப்புறம் மீசை. அவசரப்படவில்லை. தண்ணீரை ஊற்றி, ஊறவிட்டு, பிரஷ்ஷால் மேலிருந்து கீழே இழுத்தாள், வேலைநாளில் இழுக்கிற மாதிரியே. பாலம் போயிற்று, ரயில் போயிற்று. செந்தூரத் தண்ணீர் படிக்கட்டில் இறங்கித் தெருவில் ஓடி, நின்றவர்கள் கால்களையெல்லாம் சிவப்பாக்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. முகம் ஏற்கெனவே நனைந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

இடுப்புவரை வந்தபோது விசூத், சியா ஹுய்யின் கையைப் பிடித்துக்கொண்டு, பெயரைத்தான் போட்டுத் தொலையுங்களேன் என்று கெஞ்சினார். சியா ஹுய் அசையவில்லை. ஊர் பார்க்கும்போது இறங்கினால் அப்புறம் எழவே முடியாது என்று நினைத்தார் போலிருக்கிறது. கடைசி நகம்வரை போய், துணி வெள்ளையாக நின்றது. லம்துவான் கீழே இறங்கி வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

"துணி சுத்தமா இருக்கு முதலாளி. ப்ராசோப்ப வரச் சொல்லுங்க" என்றாள்.

விசூத் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. போட்டோக்காரர் முக்காலியை மடக்கினார். அந்த போஸ்டர் கடைசிவரை அச்சாகவில்லை, அந்த ராட்சசன் போனது போனதுதான்.

மத்தியானக் காட்சிக்குக் கூட்டம் நெரிந்தது. பேனர் இல்லாத படத்துக்கு இவ்வளவு கூட்டம் நான் பார்த்ததில்லை, தெரு அப்படியே ஈரத்தோடு உள்ளே வந்திருந்தது. நான் மேலே போனேன், அறைக் கதவை உள்ளே தாழிட்டேன், மைக்கைத் துடைத்தேன். கம்பெனி வசனத்தைச் சுருட்டி நாற்காலிக்கு அடியில் போட்டேன்.

படத்தில் ஒரு கட்டம் வரும். கடல் கொதிக்கும், கொடுக்கு எழும், கப்பல் தளத்தில் ஒரு கிழட்டு விஞ்ஞானி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தப் பிராணியின் பெயரைச் சொல்வார். ஏதோ வாயில் நுழையாத ஜப்பான் பெயர். அவர் வாய் அசைந்தது. நான் என் அடித்தொண்டையிலிருந்து, மெதுவாகச் சொன்னேன்:

"கேப்டன், அதோட பேரு... லம்துவான்."

அரங்கத்தில் எழுந்த சத்தத்தில் என் மைக்கே அதிர்ந்தது. அதற்குப் பிறகு நான் விடவில்லை. தளபதி தொலைபேசியில் அலறினார், லம்துவான் கரைக்கு வந்துவிட்டது என்று. டாங்கி ஓட்டுகிறவன் லம்துவானைப் பார்த்து வண்டியைப் போட்டுவிட்டு ஓடினான். மந்திரி கோட்டு போட்டுக்கொண்டு கூட்டத்தில் எழுந்தார், "அது பேர மூலையில எழுதக் கூடாதுன்னு சொன்ன அறிவுகெட்டவன் யாருய்யா? இப்ப ஊரையே மிதிக்குது பாரு" என்று கேட்டார். ராட்சசன் வாயைத் திறந்தபோதெல்லாம் உறுமலாகவே அவள் பெயரைச் சொன்னேன். என் தொண்டை கிழிந்தது. கீழே குழந்தைகள் நிஜமாகவே பயந்து வீரிட்டன.

சியா ஹுய் கதவை உடைக்கிற மாதிரித் தட்டினார். தட்டட்டும் என்று விட்டேன். குரல் பாதியில் நின்றால் கூட்டம் நாற்காலியைப் பெயர்த்துவிடும் என்று அவருக்குத் தெரியும். அவராகவே நிறுத்திக்கொண்டார்.

வெளியே வந்தபோது லம்துவான் கடைசி வரிசைச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். உள்ளே வந்து பார்த்திருக்கிறாள். "என்னப் போய் அவ்வளவு அசிங்கமாவாண்ணே காட்டுவீங்க? எனக்கு அந்தப் பல்லு இல்லியே" என்றாள். பேசத் தொண்டை போய்விட்டதால் என் பல்லைக் காட்டினேன்.

அடுத்த நாள் டிக்கெட் ஜன்னலில் ஒரு ஆள்கூட அந்த ஜப்பான் பெயரைச் சொல்லவில்லை. "லம்துவானுக்கு ரெண்டு குடுங்க" என்றுதான் கேட்டார்கள். சந்தையில் ஒரு தாய், சாப்பிடாத பிள்ளையிடம் லம்துவானைக் கூப்பிடுவேன் என்று மிரட்டியதை என் காதால் கேட்டேன். படம் ஓடி முடிந்தது, அடுத்த படம் வந்தது. கடைப் பலகை எழுதுகிறவனை வைத்து ஒரு புலி வரைய வைத்தார் சியா ஹுய். அது பேதியான நாய் மாதிரி இருந்தது. ஊரே வந்து சிரித்துவிட்டு, உள்ளே வராமல் வீட்டுக்குப் போனது.

கடைசியில் சியா ஹுய் அவளை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். அவள் வந்தபோது அவர் வாசலில் உட்கார்ந்து தன் பேத்திக்கு வாழைப்பழம் ஊட்டிக்கொண்டிருந்தார். நான் வந்தவளைப் பார்த்து, "வா லம்துவான்" என்று கூப்பிட்டதுதான் தாமதம், அந்தக் குழந்தை பழத்தைத் துப்பிவிட்டு, "தாத்தா, லம்துவான் வந்துடுச்சு!" என்று வீரிட்டுக்கொண்டு அவர் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. எவ்வளவு சமாதானம் சொல்லியும் முகத்தை வெளியே காட்டவில்லை.

சியா ஹுய் பேத்தியைப் பார்த்தார், லம்துவானைப் பார்த்தார். பூ பெயரைப் பார்த்து எவன் பயப்படுவான் என்று கேட்ட வாய் அது. எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கஷ்டப்பட்டு விழுங்கினேன்.

"எழுதித் தொல" என்றார் அவர்.

புதுத் துணி சாரத்தில் தயாராக நின்றது. படம் வரைய அளவுக் கட்டம்கூட இன்னும் போடவில்லை. லம்துவான் ஏறவில்லை, கீழ் மூலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, செந்தூரத்தைக் குழைத்து, முதல் எழுத்தைப் போட்டாள்.

"படம் வரையறதுக்கு முன்னாடியேவா?" என்றார் சியா ஹுய்.

"ஆமா முதலாளி" என்றாள், திரும்பாமலே. "இனிமே எம் பேரு காஞ்சாத்தான் ராட்சசன் வருவான்."